கதவுக்கு இந்தப் பக்கம்: கேள்வி – பதில்

இந்த வாரக் கேள்விகளில் பெரும்பாலானவை நங்கநல்லூரிலிருந்தும், அக்கம்பக்கத்துப் பழவந்தாங்கல், தில்லை கங்கா நகரிலிருந்தும் வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே பயம்தான்: வீட்டில் ஆள் இருக்கும்போதே திருடன் புகுந்துவிட்டால் குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவது? கேட்டவர்களின் பெயரையும் தெருவையும் அச்சிடவில்லை. ஏன் என்பது பதில்களைப் படித்தால் புரியும்.

கே: ராத்திரி இரண்டு மணிக்குக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். முதலில் எதைக் கையில் எடுப்பது? கட்டையா, அரிவாள்மணையா?
— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், நங்கநல்லூர்

போனை. அதற்கும் முன்னால், நீங்கள் இருக்கும் அறையின் தாழ்ப்பாளைப் போடுங்கள்.

அவன் ஹாலில், நீங்கள் அறைக்குள் என்றால் நடுவே ஒரு கதவு இருக்கிறது. அதை நீங்களாகத் திறந்துகொண்டு வெளியே போகாதீர்கள். 112-ஐ அழையுங்கள். முகவரியைச் சொல்லுங்கள். பிறகு விளக்கையெல்லாம் போட்டு, ஜன்னலைத் திறந்து, பக்கத்து வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். வெறுமனே 'திருடன், திருடன்' என்றால் தெருவில் யாரையோ துரத்துகிறார்கள் என்று புரண்டு படுப்பவர்கள் உண்டு. தன் பேரைக் கேட்டால் எழுந்து உட்காருவார்கள். 'போலீஸ் வந்துகொண்டிருக்கிறது' என்று அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். 'பீரோ சாவி மேஜையில் இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ' என்றும் சொல்லலாம். அதில் ஒரு அவமானமும் இல்லை.

இதெல்லாம் அந்த நேரத்தில் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். எந்த அறை என்பதுதான் முதல் முடிவு. தாத்தாவும் பாட்டியும் ஓட முடியாது; எனவே அவர்கள் படுக்கும் அறைதான் அந்த அறை. மற்றவர்கள் அங்கே வந்து சேர வேண்டும். இன்றைக்கு அந்த அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைப் போய்ப் பாருங்கள். அரை அங்குலத் திருகாணியில் நிலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு உதையில் பெயர்ந்துவிடும். ஹார்டுவேர் கடையில் கனமான ஆல்டிராப் வாங்கி, நிலைக்கட்டைக்குள் ஆழமாக இறங்குகிற நீளத் திருகாணி போட்டு முடுக்கச் சொல்லுங்கள். ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. ராத்திரி போன் சார்ஜ் ஏறுவதும் அந்த அறையில்தான் இருக்க வேண்டும், ஹாலில் டிவி பக்கத்தில் இல்லை. ஒரு டார்ச்சும் ஒரு விசிலும் தலைமாட்டில் இருக்கட்டும். கத்த வராத வயதில் விசில் ஊத வரும்.

கே: கடையம் தம்பதி நாற்காலியால் அடித்தே விரட்டினார்களே! நாங்கள் மட்டும் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்?
— வாசகர், பழவந்தாங்கல்

2019 ஆகஸ்ட் 11 ராத்திரி, கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில் நடந்தது. அந்த வீடியோவை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் பெரியவர். முகமூடி போட்ட ஒருவன் பின்னாலிருந்து வந்து கழுத்தில் துணியைப் போட்டு இறுக்குகிறான். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடி வருகிறார் அந்த அம்மாள். கையில் கிடைத்த செருப்பை எடுத்து வீசுகிறார். பெரியவர் திமிறி விழுந்து எழுகிறார். அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலிகள் பறக்கின்றன. அரிவாளோடு வந்த இருவரும் ஓடுகிறார்கள். அந்த வருடச் சுதந்திர தினத்தில் தமிழக அரசு அவர்களுக்குத் துணிவுக்கான சிறப்பு விருது கொடுத்தது. நூற்றுக்கு நூறு தகுதியான விருது.

ஆனால் வீடியோவை இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். கழுத்தில் துணி விழுந்தாகிவிட்டது. போராடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. சண்டை நடந்தது திறந்த வாசலில். ஓட நினைத்தவனுக்கு ஓட இடம் இருந்தது. நங்கநல்லூர் பிளாட்டின் பத்தடி ஹாலில், வாசற்கதவுக்கும் அவனுக்கும் நடுவில் நீங்கள் நின்றால், அவன் தப்பிக்கிற வழி உங்கள் மேல்தான் போகும். அந்த அம்மாளுக்குக் கையில் வெட்டு விழுந்தது, கழுத்துச் செயினும் போனது. வீடியோவைக் கொண்டாடுகிறவர்கள் இதை அநேகமாகச் சொல்வதில்லை.

உங்கள் மேலோ குழந்தை மேலோ கை வைத்துவிட்டான், விலக இடமில்லை என்றால் போராடுங்கள். முழு பலத்தோடு, கிடைத்ததை எல்லாம் எறிந்து, கத்திக்கொண்டே. எட்டி நின்று எறிவதுதான் கடையத்தில் காப்பாற்றியது. தாழ்ப்பாள் போட்ட அறையிலிருந்து அதைத் திறந்துகொண்டு சண்டைக்குப் போவது வேறு விஷயம். அதற்கு என் பதில்: வேண்டாம்.

கே: மிளகாய்ப் பொடி?
— வாசகி, தில்லை கங்கா நகர்

தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பாதிப் பொடி உங்கள் கண்ணுக்கு. பெப்பர் ஸ்பிரேக்கு லைசென்ஸ் தேவையில்லை, வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூடிய அறைக்குள் அடித்தால் உங்களுக்கும் மூச்சு முட்டும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இன்னும் மோசம்.

கே: திருடனை அடித்து, அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம் மேல்தான் கேஸ் என்கிறார்களே?
— வழக்கறிஞரின் தந்தை என்று மட்டும் எழுதியவர்

உங்கள் வீட்டிலேயே வக்கீல் இருந்தும் இந்தப் பயம் போகவில்லை என்றால், சட்டத்தைப் பற்றித் தெருவில் சுற்றுகிற பேச்சு எவ்வளவு பலமானது என்று தெரிகிறது. விவரமாகவே சொல்கிறேன்.

தற்காப்புரிமை நம் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ளன. உங்கள் உயிரை, இன்னொருவர் உயிரை, சொத்தைக் காக்க நீங்கள் செய்வது குற்றம் ஆகாது. கொள்ளை அடிக்கும்போதும், சூரியன் மறைந்ததற்கும் உதிப்பதற்கும் இடையே வீட்டை உடைத்துப் புகும்போதும், அந்த உரிமை தாக்குபவனின் உயிர் போகும் அளவுக்குக்கூட நீளலாம் என்கிறது 41ஆவது பிரிவு.

எல்லையை 37ஆவது பிரிவு போடுகிறது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் காயப்படுத்தவும் கூடாது. அதே சமயம், உயிர் பயத்தில் இருப்பவன் தராசில் நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே சொல்லியிருக்கிறது. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் போதும். வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கேஸ் எங்கே வரும் என்றால், அவன் பிடிபட்ட பிறகு. கையைக் கட்டி மின்கம்பத்தில் நிறுத்தி, தெருவே கூடி ஆளுக்கொரு அடி அடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த நிமிடத்தில் ஆபத்து தீர்ந்துவிட்டது, தற்காப்பும் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு விழுகிற ஒவ்வொரு அடியும் குற்றம், அவன் செத்தால் கொலை. அடிபடுகிறவன் சில சமயம் திருடனே இல்லை, மனநலம் குன்றிய யாரோ ஒருவர் என்பது பிறகு தெரியவருகிறது. உட்கார வைத்து, சுற்றி நின்று, போலீஸிடம் ஒப்படையுங்கள்.

கே: துப்பாக்கி லைசென்ஸ் வாங்கலாமா?
— தொழிலதிபர், நங்கநல்லூர்

1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி, சென்னையில் காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு ஏன் தேவை என்று நிரூபிக்க வேண்டும். தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டி வைக்கத்தான் வேண்டும். தூக்கக் கலக்கத்தில் பூட்டைத் திறந்து குண்டு போடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்தப் பணத்துக்குக் கதவை மாற்றுங்கள்.

கே: காம்பவுண்டுச் சுவர் மேல் கம்பி கட்டி கரண்ட் கொடுத்தால்?
— பெயர் எழுதாதவர்

கூடாது. நாளைக் காலையில் பந்தை எடுக்க ஏறுகிற பக்கத்து வீட்டுப் பையன் செத்துப்போவான். நீங்கள் ஜெயிலுக்குப் போவீர்கள்.

கே: அப்பா அம்மா மட்டும் நங்கநல்லூர் வீட்டில். நான் நியூ ஜெர்சியில். நாலு கேமரா போட்டுவிட்டேன். வேறென்ன செய்ய?
— மகன்

கேமரா உங்களுக்குக் காட்டும். காட்டியதைப் பார்த்துவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? அங்கிருந்து 112 அழுத்தினால் சென்னைப் போலீஸ் வராது. பழவந்தாங்கல் காவல் நிலையத்தின் எண்ணை, 91, 44 எல்லாம் சேர்த்து, இன்றே உங்கள் போனில் பதிந்து வையுங்கள். அதைவிட முக்கியம், அந்தத் தெருவில் ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வரக்கூடிய இரண்டு பேர். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். நடு ராத்திரி நீங்கள் கூப்பிட்டால் கோபப்படாமல் எழுந்துபோகிற அளவுக்குப் பழக்கம் வேண்டும்.

கேமராக்காரர் டிவிஆர் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பார். விவரம் தெரிந்த திருடன் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போவான். அதைப் பரணிலோ பூட்டிய அலமாரியிலோ மாற்றச் சொல்லுங்கள். பதிவு இணையத்திலும் சேமிக்கப்படட்டும். வைஃபை பெட்டியை இன்வெர்ட்டரில் இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போன ராத்திரி உங்கள் நாலு கேமராவும் குருடு.

தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள். ஈரோடு மாவட்டம் சிவகிரியில், தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த ஒரு முதிய தம்பதி நகைக்காகக் கொல்லப்பட்டது 2025 மே 1 அன்று தெரியவந்தது. கொலை நடந்தது அதற்குச் சில நாட்கள் முன்பு. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூவரைக் கொன்றதும் அதே ஆட்கள்தான் என்று போலீஸ் பிறகு சொன்னது. காலை ஏழரைக்கு ஒரு போன், எடுக்காவிட்டால் பத்தே நிமிடத்தில் பக்கத்து வீட்டு மாமா போய்க் கதவைத் தட்டுவார் என்ற ஏற்பாடு உயிரைக் காப்பாற்றுமோ இல்லையோ, மாடிப்படியில் விழுந்து கிடக்கும் அப்பாவையும் அதே ஏற்பாடுதான் கண்டுபிடிக்கும்.

கே: நல்ல பூட்டு, இரட்டைத் தாழ்ப்பாள், கிரில் கேட் எல்லாம் இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கலாமா?
— இல்லத்தரசி, நங்கநல்லூர்

பூட்டு, தெரியாதவனுக்கு. தெரிந்தவனுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

2022 மே மாதம் மயிலாப்பூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்காவிலிருந்து திரும்பிய தம்பதியை விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததே அவர்களுடைய ஓட்டுநர்தான். அன்றைக்கே இருவரும் கொல்லப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த அவர்களுடைய பண்ணை வீட்டில் புதைக்கப்பட்டார்கள். நகைகளோடு ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் ஓட்டுநரும் கூட்டாளியும் பிடிபட்டார்கள். நிலம் விற்ற பெரிய தொகையைப் பற்றிய பேச்சு காரில் அவர் காதில் விழுந்ததுதான் தொடக்கம் என்றது போலீஸ்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலை வேலைக்கார அம்மாவைச் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள். பல வீடுகளில் மாமி மயங்கிக் கிடப்பதை முதலில் பார்த்துக் கத்தி ஆள் சேர்க்கிறவர் அவர்தான். புதிதாக ஆள் வைக்கும்போது தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஆனால் திருத்த வேண்டியது நம் வாயை. எத்தனை சவரன், எந்த பீரோ, நிலம் என்ன விலைக்குப் போனது, பையன் எவ்வளவு அனுப்புகிறான் என்பதெல்லாம் ஆட்டோவிலும், அழகு நிலையத்திலும், ஆஞ்சநேயர் கோயில் வரிசையிலும் உரத்த குரலில் பேசப்படுகிறது. 'அடுத்த வாரம் காசி, பத்து நாள் வீடு பூட்டிதான் இருக்கும்' என்பதைப் பிரசாதம் வாங்குகிற இடத்தில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விமான டிக்கெட்டைப் போடுவதும் இதே கணக்குதான். ஊரிலிருந்து வந்த பிறகு படம் போடுங்கள்.

கே: 'தீரன் அதிகாரம் ஒன்று' பார்த்ததிலிருந்து என் மகள் தூங்குவதில்லை. அப்படி நிஜமாகவே நடந்ததா?
— தாய், பழவந்தாங்கல்

நடந்தது. பவாரியா கும்பல் என்று தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டவர்கள். வடக்கிலிருந்து லாரிகளில் வந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒதுக்குப்புறமாக இருந்த வீடுகளைக் குறிவைத்து, கதவை உடைத்துப் புகுந்து தாக்கினார்கள். 2005 ஜனவரியில் தானாக்குளத்தில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வடமாநிலங்களுக்கே போய் அவர்களைப் பிடித்தது. மகளிடம் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லுங்கள். அவர்கள் தேடியது கூப்பிட்டால் குரல் கேட்காத வீட்டை. சுவருக்குச் சுவர் ஒட்டிய உங்கள் தெரு அப்படிப்பட்ட இடம் இல்லை, தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களாக இருக்கும்வரை.

கே: பால்கனி, மொட்டை மாடி எல்லாவற்றையும் கிரில் போட்டு அடைத்துவிட்டோம். சரிதானே?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர்

தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவீர்கள்? ஏசியிலோ ஃபிரிட்ஜிலோ தீப்பிடித்து, கிரிலுக்குள் சாவியைத் தேடித் தேடி மூச்சுத் திணறுவது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. ஒரு கிரிலாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். அதன் சாவி, வெளியிலிருந்து கை எட்டாத, ஆனால் இருட்டிலும் உங்கள் கை பழகிய ஓர் ஆணியில் தொங்கட்டும்.

கே: பகலில் இந்தக் கவலை இல்லைதானே?
— வாசகி

பகலில்தான் கதவு திறந்திருக்கிறது. விடிகாலை கோலம் போட வாசலுக்கு வருகிறீர்கள். பின்னால் வீடு ஆவென்று கிடக்கிறது, உள்ளே எல்லாரும் ஏசி அறையில். கிரில் கேட்டைச் சாத்திக்கொண்டு கோலம் போடுங்கள். பார்சல், ஈபி, கேஸ் என்று யார் வந்தாலும் கிரிலுக்கு உள்ளே நின்றே பேசுங்கள். வீட்டுக்குள் வர வேண்டிய வேலை என்றால், நீங்கள் கூப்பிட்ட ஆள்தானா என்று அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். நல்ல ஆள் யாரும் இரண்டு நிமிடம் வெளியில் நின்றதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கே: கழுத்தில் கத்தியை வைத்து தாலிச் செயினைக் கேட்டால்? கழற்ற மனசு வருமா?
— அறுபத்தாறு வயது, நங்கநல்லூர்

வராதுதான். ஆனாலும் கழற்றிக் கொடுங்கள் அம்மா. இழுத்துப் பிடித்துக்கொண்டு கழுத்தறுபட்டவர்கள், தரதரவென்று இழுத்துச் செல்லப்பட்டவர்கள் எத்தனையோ பேர். 2025 மார்ச் 25 காலையில் தென் சென்னையில் அடுத்தடுத்துப் பல இடங்களில் செயின் பறித்தவர்கள், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அன்றைக்கே பிடிபட்டார்கள். போன செயின் திரும்பி வரலாம். மஞ்சள் சரடில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு மறுநாள் சுவாமி விளக்கை ஏற்ற நீங்கள் இருக்க வேண்டும், மாமாவுக்கு அதுதான் வேண்டும்.

மற்ற நகைகளை லாக்கரில் வையுங்கள். 2022 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கரில் திருட்டு நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். நகை அதற்கு மேல் என்றால் தனியாக இன்சூரன்ஸ் எடுங்கள். ஆனால் லாக்கரில் இருக்கும் நகைக்காக உங்கள் கழுத்தில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள்.

கே: ஒன்பது வயது மகனுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?
— தந்தை, ஹிந்து காலனி

'ஓடிப் போய் அறைக்குள் பூட்டிக்கொள், திறக்காதே, போன் பண்ணு.' இந்த மூன்றையும் தாண்டி எதுவும் வேண்டாம். அப்பாவைக் காப்பாற்ற வர வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். குழந்தைகள் அதைத்தான் செய்யப் பார்ப்பார்கள். முகவரியை ஒப்பிக்க வையுங்கள். நங்கநல்லூரில் எண் போட்ட தெருக்கள் ஒன்றிரண்டு இல்லை; 'ரெண்டாவது தெரு' என்றால் ஹிந்து காலனியா, லக்ஷ்மி நகரா என்று ரோந்து வண்டி தேட வேண்டியிருக்கும். காலனி, தெரு, கதவு எண், பக்கத்தில் என்ன கோயில், எத்தனையாவது மாடி, இந்த வரிசையில் சொல்லட்டும். தமிழகக் காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் அவசரப் பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடமும் சேர்ந்தே போகும்; உங்கள் போனில் ஏற்றி வையுங்கள். பாட்டியிடம் பட்டன் போன் இருந்தால், 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போகிறதா என்று போன் கடையில் கேட்டு வையுங்கள்.

வருடத்தில் இரண்டு தடவை, ஞாயிறு சாயங்காலம், விளையாட்டாக ஒத்திகை பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவன் பாட்டி அறைக்குப் போய்ச் சேரட்டும்.

கே: எனக்கு எழுபத்தெட்டு. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. இதில் சொல்லும் 'குடும்பத்தோடு பேசி வையுங்கள்' எல்லாம் எனக்கு எப்படிப் பொருந்தும்?
— நங்கநல்லூர்

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன் அம்மா. 2007ஆம் வருடப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் வந்த விதிகளின்படி, தன் எல்லையில் தனியாக வாழும் முதியோரின் பட்டியலைக் காவல் நிலையம் வைத்திருக்க வேண்டும், அவ்வப்போது வந்து பார்க்கவும் வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் பெயர், வயது, முகவரி, போன் எண் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். இது அவர்கள் செய்யும் தயவு இல்லை, உங்களுக்கு உள்ள உரிமை. வேறு உதவிகளுக்கு மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டிய அறையில் படுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: நங்கநல்லூரில் இந்த அம்மாளைப் போல் ஒருவர் இல்லாத தெரு எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் தெருவில் அது யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். உங்கள் போன் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, அவர் படுக்கும் இடத்துச் சுவரில் நீங்களே ஒட்டிவிட்டு வாருங்கள். ராத்திரி உங்கள் போனை அணைக்காதீர்கள்.